கதவு எந்தப் பக்கம் திறக்கும்

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூடுதலான இரண்டும் என் தங்கச்சி விட்டுப்போன பிள்ளைகள். ஆறையும் படிக்கவைத்தேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் முடிய ஒரு பகல் போய்விடும். போகட்டும். இந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு ஒரு அவசரமும் இல்லை. பதினெட்டு வருசம் மனசிலேயே வைத்திருந்தாயிற்று. இன்னும் பத்து நாள் ஆனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

அவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். என் கடைக்குட்டி செல்வி வேலை பார்த்த இன்ஜினியரிங் காலேஜில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர் தலைவர். விருதுநகரிலிருந்து சிவகாசி போகிற ரோட்டில், கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்த காலேஜ். சார் திருச்சிக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரர். பெண்டாட்டி பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு இங்கே தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஹோட்டல் சோறு அவருக்குச் சேரவில்லை என்று செல்வி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல் என்றேன். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தார்.

உயரமான ஆள். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும். நாலும் கையெழுத்துப் போட யாரிடமோ வாங்கியவை. திருப்பிக் கொடுக்க மறந்துவிடுகிறார் என்று முதலில் நினைத்தேன். ஒரு நாள் என் பெரியவன் தன் பேனாவைக் கேட்டான். சார் அதை எடுத்து, மூடியைத் திருகி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நான் மதுரையில வாங்கினதாச்சே தம்பி" என்றார். பொய் சொல்லுகிற முகமாக இல்லை. மதுரையில் எந்தக் கடை என்று கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

அவரிடம் ஒரு பேச்சு உண்டு. யாராவது நல்லதாக ஒன்று சொன்னால் தலையைச் சாய்த்துக் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, "அதைத்தான் நானும் சொல்லிட்டு இருக்கேன்" என்பார். அவ்வளவுதான். அந்த நிமிசத்திலிருந்து அது அவருடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு ருசியாக இருக்கிறதே என்று கேட்டார். மசாலா வறுக்கும்போது ஒரு பிடி பச்சரிசி சேர்த்து வறுப்பேன், குழம்பு நீர்த்துப்போகாது என்று சொன்னேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் நிற்கிறேன். வாசற்படியில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, மசாலா வறுக்கறப்ப ஒரு பிடி பச்சரிசி போட்டுப் பாருங்க. எங்க வீட்டுல அப்படித்தான். குழம்பு கெட்டியா வரும்" என்றார்.

என் கையில் இருந்தது அதே பச்சரிசி.

"அப்படியா சார்? இம்புட்டு நாளும் தெரியாமப் போச்சே" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஆலங்குளம் சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் வேலை பார்த்தவர். பேசவே மாட்டார். ஆயுளுக்கும் அவரிடம் ஒரே ஒரு கதைதான் இருந்தது. பாறைக்கு வேட்டு வைத்த நேரத்தில் ஒரு கறுப்பு நாய் அவர் வேட்டியைக் கவ்வி இழுத்து, அவர் நகர்ந்த இடத்தில் கல் வந்து விழுந்த கதை. சாருக்கு அதைச் சொன்னார். ஆறு மாதம் கழித்து எங்கள் சம்பந்தக்காரர்கள் வந்திருந்தபோது சார் சொல்கிறார்: தன்னுடைய சின்ன வயதில், தன்னுடைய ஊர்க் கல்குவாரியில், ஒரு கறுப்பு நாய். என் வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டார். கல் விழுந்த இடத்தில் "அடேயப்பா" என்றுகூடச் சொன்னார்.

சார் போன பிறகு என் வீட்டுக்காரர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏளா, அந்த நாயி எனக்குத்தான வந்துச்சு? அவரு சொல்றதக் கேட்டா எனக்கே சந்தேகமா இருக்கு."

அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். பச்சரிசியும் நாயும் போனால் என்ன.

நல்லது செய்யாத ஆள் என்று சொல்ல மாட்டேன். என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம் ஆபரேசன் என்றபோது தன் காரில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனார். பகல் முழுக்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். அதையும் எழுதிவிடுகிறேன். பின்னால் யாரும் கிழவி ஒருபக்கமாகப் பேசினாள் என்று சொல்லக் கூடாது.

செல்வி அந்தக் காலேஜில் மூன்றாவது வருசமாகத் தற்காலிக வேலையில் இருந்தாள். சுனாமி வந்து மூன்று வருசம் ஆகியிருந்த சமயம். காலேஜில் ஒரு பெரிய கருத்தரங்கு நடத்தப் போவதாகச் சொன்னார்கள். ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று ஒரு முறையாம், அதில் ஆராய்ச்சி செய்கிறவர்களும் அதை வைத்து வேலை செய்கிறவர்களும் வருவார்களாம். அந்தக் கருத்தரங்கில் யாருடைய கட்டுரை வருகிறதோ அவர்களுக்கு வேலை நிரந்தரம், மேலே டாக்டர் பட்டத்துக்குப் படிக்கவும் அனுப்புவோம், மற்றவர்கள் அந்த வருசத்தோடு போகலாம் என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். செல்வி ராப்பகலாக எழுத ஆரம்பித்தாள்.

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். "அப்படி என்னத்தத்தான் எழுதுத? எனக்கும் சொல்லேன்" என்றேன்.

"இதுல ஒவ்வொரு துண்டும் தனித்தனிம்மா. கையில குடுத்ததை மட்டும் வாங்கும். வேலையை முடிச்சு அடுத்த கைக்குக் குடுக்கும். வெளியே இருக்க எதையும் தொடாது, எதையும் கலைக்காது. இன்னைக்குக் குடுத்தாலும் நாளைக்குக் குடுத்தாலும் அதே சாமானுக்கு அதே பலன்தான்."

"அட கூறுகெட்டவளே, இதத்தான முப்பது வருசமா நாங்க பாக்கோம்."

"எதை?"

"பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குற அறை தனி, அடைக்கிற அறை தனி, திரி சொருகுற அறை தனி. ஒண்ணுக்கொண்ணு ஒட்டாம தள்ளித் தள்ளி. அளந்து குடுத்ததத்தான் வாங்கணும். முடிச்சதத்தான் தட்டுல வச்சு அடுத்த அறைக்கு அனுப்பணும். ஒரு சிட்டிகை கீழ சிந்தப்படாது. சிந்துனா நீயும் இல்ல, பக்கத்து அறைக்காரியும் இல்ல. உன் பாடத்துல சிந்துனா என்ன ஆவும்?"

செல்வி, "இன்னொருக்கா முதல்லருந்து சொல்லும்மா" என்று நோட்டை எடுத்தாள். ஓரத்தில் ‘அம்மா சொன்னது’ என்று போட்டு, அதற்குக் கீழே எழுதினாள்.

எட்டு மாதம் அதில் கிடந்தாள். எந்த அறைக்கு எம்புட்டுச் சரக்குப் போகலாம், எப்போது அனுப்பினால் எங்கேயும் தேங்காது என்பதைக் கணக்காகச் சொல்லுகிற ஒரு புரோகிராம் அவள் செய்தது. அதற்கு ஒரு படம் வரைந்தாள். கம்பெனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் கதவு, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று வளைவாக ஒரு கோடு. அந்தக் கோடு எல்லாம் வெளிப்பக்கம். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்த்தேன். முடித்ததும் திருத்திக் கொடுக்கச் சொல்லி சாரிடம் கொடுத்தாள்.

பக்கத்து வீட்டு மாரியம்மா சிவகாசியில் ஒரு அச்சாபீசில் தாள் மடிக்கிற வேலை பார்த்தாள். அச்சில் வீணான தாள்களை அலமாரியில் விரிக்கக் கொண்டுவருவாள், எங்களுக்கும் கொடுப்பாள். அப்படி ஒரு நாள் கொண்டுவந்ததை செல்வி விரித்தாள். விரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தாளில் அவள் படம் இருந்தது. கருத்தரங்குப் புத்தகத்துக்கு அடித்த தாள். படத்துக்கு மேலே, தலைப்புக்குக் கீழே, ஒரே ஒரு பெயர். சாருடைய பெயர்.

செல்வி மற்றத் தாள்களையும் தேடினாள். கடைசிப் பக்கத்தில் நன்றி என்று ஒரு வரி எழுதியிருந்தாளாம். அதையும் எடுத்திருந்தார்கள். "உன் பேரைப் போட்டிருந்தேம்மா, அதுவும் இல்ல" என்றாள்.

மறுநாள் போய்க் கேட்டிருக்கிறாள். சார் கண்ணை மூடித் திறந்துவிட்டு, "இந்த யோசனையை நான்தானே உங்கிட்ட சொல்லிட்டு இருந்தேன்? நீ நல்லா எழுதிக் குடுத்தே. அடுத்த தடவை உன் பேரையும் சேத்துக்கலாம்" என்றாராம்.

"சண்டை போடுளா" என்றேன்.

"அவரு என்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை எழுதுனா எனக்கு எங்கயும் வேலை கிடைக்காதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். எட்டு மாதம் விடிய விடியக் கண் விழித்த பிள்ளை, பகலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அதை நான் பார்த்தேன். அன்றைக்குத்தான் இந்த மனிதரை நான் முழுசாக வெறுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல வந்தார். ஒன்றும் நடக்காத முகம். கையில் அழைப்பிதழ். "அம்மா, நீங்க கண்டிப்பா வரணும். உங்க வேலையைப் பத்தித்தான் பேசப் போறேன். ரெண்டாம் நாள் மத்தியானம் தமிழ்லதான் பேச்சு. பட்டாசு முதலாளிங்க, போர்மேனுங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம்" என்றார். செல்வி அறைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. நான் இலை போட்டேன்.

இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போது கேட்டார். "அந்த மருந்து அறை உள்ளே எப்படிம்மா இருக்கும்? யாராவது கேட்டா சொல்லணும் பாருங்க."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இந்த ஆள் கட்டுரையை முழுசாகப் படிக்கக்கூட இல்லை.

"கதவெல்லாம் உள்பக்கமாத்தான் சார் திறக்கும்" என்றேன். "வேலை ஆரம்பிச்சதும் தாழ்ப்பாளப் போட்டுக்கிடுவோம். வெளியில உள்ளது உள்ள வரப்படாதுல்ல."

இதை எழுதும்போதும் கை நிற்கிறது. என் தங்கச்சி வேலை பார்த்த அறையின் கதவு அப்படித்தான் இருந்தது, உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தீப்பிடித்த நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் தள்ளியிருக்கிறார்கள், தள்ளியிருக்கிறார்கள். இழுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும், பட்டாசு அறைக்குக் கதவு வெளியேதான் திறக்கணும், வேலை நேரத்தில் திறந்தே கிடக்கணும் என்று. தெரியாதவர் ஒருத்தர்தான். அவர் நான் போட்ட இலை முன்னால் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். சோறு போட்ட கையாலேயே அதையும் போட்டேன்.

கண்ணைத் திறந்தார். "அதைத்தான் நானும் நினைச்சேன்" என்றார். "இன்னும் கொஞ்சம் ரசம்."

கருத்தரங்குக்குக் கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் பெரிய துணி கட்டியிருந்தது. பெங்களூரிலிருந்து வந்த பையன்கள் மடியில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு மரத்தடியில்கூட உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு வெள்ளைக்காரர்கள் இளநீர் குடித்தார்கள். என்னைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். எனக்கு முன் வரிசையில் எங்கள் கம்பெனிப் போர்மேன். அதற்கு முன்னால் முதலாளிமார்கள். மேடையில் தலைமைக்கு, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட ஒரு பேராசிரியை அம்மா. வெளியூர்க்காரர், தமிழ் தெரிந்தவர். கையில் அந்தப் புத்தகம்.

சார் நன்றாகத்தான் பேசினார். குறை சொல்ல மாட்டேன். அளந்து வாங்கு, முடித்ததைக் கொடு, சிந்தாதே. நான் பூண்டு உரித்துக்கொண்டு சொன்னது ஒலிபெருக்கியில் வந்தது. பின்னால் பெரிய திரையில் செல்வியின் படம். செல்வி சுவரோரம் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள்.

அப்புறம் சார் தானாகவே போய் விழுந்தார். யாரும் கேட்கவில்லை. "அறை எப்படி மூடியிருக்குன்னு பாருங்க. கதவு உள்பக்கம் திறக்கும். வேலை நடக்கறப்ப தாழ்ப்பாள் போட்டிருக்கும். நானே உள்ளே நின்னு பார்த்திருக்கேன்" என்றார்.

எங்கள் போர்மேன் எழுந்தார். "என்ன சார் சொன்னீக? தாழ்ப்பாளா?"

"ஆமா. தாழ்ப்பாள்."

"கதவ அடச்சுத் தாழ்ப்பாளப் போட்டு மருந்து கலக்குனா, நீங்க நின்னு பாத்திருக்க மாட்டீக சார். உங்களத்தான் கூட்டி அள்ளியிருப்பாக."

கூடம் முழுக்கச் சிரித்தது. முன்வரிசையில் ஒரு முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "சார், எந்தக் கம்பெனின்னு சொல்லிருங்க. இங்கன இம்புட்டுப் பேரு உக்காந்திருக்கோம். யாரு தாழ்ப்பாள் போட்டு வேலை வாங்குறதுன்னு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்க முடியுமா?"

சார் தண்ணீர் குடித்தார். போர்மேன் விடவில்லை. "உங்க முதுகுக்குப் பின்னால உள்ள படத்துலயே கதவு வெளியதான சார் திறக்கு?"

சார் திரும்பித் திரையைப் பார்த்தார். அந்தப் படத்தை அன்றைக்குத்தான் அவர் உற்றுப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"படம்... படம் தப்பு" என்றார். "இதை வரைஞ்சது எங்க லெக்சரர் செல்வி. கதவைத் தப்பா போட்டுட்டாங்க."

"படம் சரியாத்தான் இருக்கு" என்றார் போர்மேன். "தப்பு நீங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேடையிலிருந்த பேராசிரியை அம்மா புத்தகத்தைப் புரட்டினார். "உங்க கட்டுரையில கதவு வெளியே திறக்கணும், திறந்தே இருக்கணும்னு எழுதியிருக்கே. ஏன் அப்படின்னு காரணமும் எழுதியிருக்கு" என்றார். புத்தகத்தை மூடிவைத்தார். "செல்விங்கிறது யாரு?"

சுவரோரத்திலிருந்து என் மகள் நடந்து போனாள்.  அந்த அம்மா இங்கிலீசில் கேட்டார். இவள் இங்கிலீசில் சொன்னாள். இன்னொன்று கேட்டார். சொன்னாள். வெள்ளைக்காரர் ஒருத்தர் கேட்டார். பலகையில் எழுதிக் காட்டினாள். பேசப் பேசக் குரல் எழும்பி வந்தது. சார் நாற்காலியில் உட்கார்ந்து தன் பையிலிருந்த பேனாக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குக்கூட அப்படிக் குளிர்ந்ததில்லை.

புத்தகம் எல்லாம் அச்சாகிக் கட்டுக்கட்டாக இருந்தது. திருத்தாமல் ஒரு பிரதியும் வெளியே போகக் கூடாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் அச்சில் பெயர் தப்பிவிட்டால் புத்தகத்தையா கொளுத்துவார்கள்? சரியான பெயரைச் சின்னத் துண்டில் அடித்து மேலே ஒட்டிவிடுவார்கள். "ஒட்டுறதுக்கு ஆளு கேக்காக" என்று மாரியம்மா வந்து சொன்னாள். நான் போனேன். திரி சொருகுவதற்கு முன்னால் பத்து வருசம் பட்டாசுக்கு லேபிள் ஒட்டியவள் நான்.

இரண்டு துண்டு. முதல் பக்கத்துக்கு செல்வியின் பெயர். கடைசிப் பக்கத்துக்குச் சின்ன எழுத்தில் நன்றி, அதில் என் பெயர். மைதாப் பசையை மெல்லிசாகத் தடவி, மூலை தூக்காமல் நீவி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் அவர் பெயர் நிழலாகத் தெரிந்தால் அதன் மேல் இன்னொரு துண்டு ஒட்டினேன். "ஒண்ணு போதும்க்கா" என்றாள் மாரியம்மா. "எனக்குப் போதாது" என்றேன்.

செல்விக்கு வேலை நிரந்தரமானது. பின்னால் டாக்டர் பட்டமும் வாங்கினாள். ஆனால் அந்த வாரமே என்னிடம் கேட்டாள். "சார்கிட்ட கதவு உள்ளே திறக்கும்னு யாரும்மா சொன்னது?"

"நாந்தான்."

அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. "சித்தி செத்த கதவும்மா அது. அதைப் போயி..." என்றாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தங்கச்சியிடம் மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்: உன் மகளுக்கு நடந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன்.

சார் அந்த வருசக் கடைசியில் வேறு காலேஜுக்குப் போய்விட்டார். ஐந்தாறு வருசம் கழித்து விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி நரைத்திருந்தது, சட்டை அதே வெள்ளை. கூட இரண்டு மாணவர்கள். என்னைக் கண்டதும் ஓடி வந்து, "நல்லா இருக்கீங்களா அம்மா? உங்க கையால சாப்பிட்டது மறக்காது" என்று கும்பிட்டார். நடிப்பு இல்லை. அப்புறம் அந்தப் பையன்கள் பக்கம் திரும்பி, "இந்த அம்மா பட்டாசுக் கம்பெனியில வேலை பார்த்தவங்க. அந்த அறைங்களுக்குக் கதவு வெளியேதான் திறக்கணும்ப்பா. உள்ளே திறந்தா உயிர் போயிடும். நான் எத்தனையோ மேடையில சொல்லிட்டு இருக்கேன்" என்றார்.

பையன்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பஸ் வந்தது. ஏறிவிட்டேன். கும்பிட்டவருக்குப் பதில் கும்பிடு போடவில்லை.

அன்றைக்குத்தான் புரிந்தது, இந்த ஆளிடமிருந்து எதையும் திரும்ப வாங்க முடியாது என்று. எதைக் கொடுத்தாலும், பொய்யைக் கொடுத்தாலும், மறுபடி உண்மையைக் கொடுத்தாலும், தன்னுடையதாக்கிக்கொண்டு போய்விடுவார். அவரிடம் பிறரிடமிருந்து எடுக்காத சொத்து ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதை நான் எடுத்துக்கொண்டேன். இந்தப் பத்து நாளும் கவனமாகப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

என் பெரியவன் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்கிறாள். தாளை அவளிடம் கொடுத்தேன்.

"தாயி, முதல்லருந்து சத்தமா வாசி. அந்த சாரு பேரு எங்கயாச்சும் வந்திருக்கான்னு பாரு."

"அவரு பேரு என்ன அப்பத்தா?"

"உனக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது. பேரு தெரியாம எப்படிப் பாக்குறது?"

"அம்புட்டுத்தான் வேணும். வாசி."